சேரன்மகாதேவியில் வேலைக்கு விண்ணப்பம் போட ஒரு நல்ல பிரவுசிங் சென்டர்

வேலைக்கு விண்ணப்பம் போட எந்தக் கடைக்குப் போகலாம் என்று வீரவநல்லூர், காருகுறிச்சி, பத்தமடைப் பக்கத்துப் பிள்ளைகள் யார் கேட்டாலும் நான் இந்த ஒரு கடையைத்தான் சொல்கிறேன். திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவியில் சார் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிற வழியில், மருந்துக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று மஞ்சள் போர்டு தொங்கும். "பேரை மட்டும் எழுதிராத தாயி, இருக்க கூட்டத்தையே சமாளிக்க முடியல" என்று கடை நடத்துகிற அக்கா சொன்னதால் பெயரை விட்டுவிட்டேன். அந்த வழியில் யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் இவ்வளவு நீளமாக மதிப்புரை எழுத வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும். எங்கள் ஊரில் அம்மாமார் பீடி சுற்றிப் படிக்கவைத்த பிள்ளைகள் பலர் வருஷக்கணக்காக உட்கார்ந்து படிக்கிறார்கள், மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். ஆனால் விண்ணப்பத்தை அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர் கையில் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அங்கே நடக்கிற ஒரு பிழை, படித்த படிப்பை எல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். கல்லூரி முடித்த புதிதில் நான் போய்க்கொண்டிருந்த வேறொரு கடையில் எனக்கு அப்படித்தான் ஆனது. விண்ணப்பத்தில் என் எண்ணுக்குப் பதில் கடைக்காரர் தன் எண்ணையும் தன் மெயிலையும் போட்டுவிட்டார். ஓடிபி கேட்டு அலைய வேண்டாம், அவருக்கு வேலை சீக்கிரம் முடியும். அப்புறம் அவர் சிம்மை மாற்றினார். ஹால் டிக்கெட் வந்த செய்தி எனக்கு வரவே இல்லை. பாஸ்வேர்டு என்னவென்று அவருக்கும் ஞாபகமில்லை. கட்டிய பணம் போனதைவிட, அந்தத் தேர்வுக்காகப் படித்த மாதங்கள் போனதுதான் இன்னும் வலிக்கிறது.

சேரன்மகாதேவிக் கடையில் முதல் வித்தியாசம் இங்கேதான். விண்ணப்பத்தை அக்கா நிரப்பித் தரமாட்டார். நாம்தான் உட்கார வேண்டும். "நீயே அடி. பைய அடிச்சாப் போதும், ஒண்ணும் ஓடிப் போவாது" என்பார். பக்கத்து நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பார். தெரியாத இடத்தில் மட்டும் சொல்லுவார். சொந்த எண்ணும் சொந்த மெயிலும் இல்லாமல் யாருக்கும் விண்ணப்பம் திறக்கவே மாட்டார். மெயில் இல்லை என்றால் முதலில் அதை உருவாக்கச் சொல்வார், அதற்குக் காசு வாங்குவதில்லை. அண்ணன் போனுக்குத்தான் ஓடிபி போகும் என்று ஒரு பிள்ளை சொன்னபோது, "கல்யாணமாகி நீ வேற ஊருக்குப் போனா அண்ணன் போன் கூடவே வருமா?" என்று கேட்டு, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளைக்குக் கோபம். எனக்கு அந்த அக்கா மேல் மரியாதை கூடியது அன்றுதான்.

அடுத்தது பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விண்ணப்பத்தில் பெரிய தொல்லை இனிஷியல்தான். என் எஸ்எஸ்எல்சி மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. ஆதாரில் முன்னால். பட்டச் சான்றிதழில் அப்பா பெயரே விரிந்து கிடக்கிறது. மத்திய அரசு விண்ணப்பங்களுக்கு அடிப்படை பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆள் எடுக்கிற எஸ்எஸ்சி ஆனாலும் ரயில்வே ஆனாலும் அதில் உள்ள பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எழுத்து மாறாமல் வர வேண்டும். அதனால் இங்கே பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். நகல் கொண்டுபோனால் அக்கா முகம் சுளிப்பார், மங்கலான ஜெராக்ஸில் ஒரு எழுத்து தப்பாகத் தெரிந்துவிடும் என்று. ஆதாரில் பெயர் வேறாக இருந்தால், முதலில் இ-சேவை மையத்துக்கோ ஆதார் மையத்துக்கோ போய் அதைச் சரிசெய்துவிட்டு வா, அப்புறம் நிரந்தரப் பதிவு செய்யலாம் என்று சொல்லிவிடுவார். தமிழ்நாடு அரசு வேலைக்குத் தேர்வு நடத்துகிற டிஎன்பிஎஸ்சியில் எந்தத் தேர்வுக்கும் முதலில் செய்ய வேண்டிய பதிவு அது, அதில் ஆதாரையும் இணைக்கிறோம். அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என்றால் சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நிற்கும்போது பதில் சொல்ல முடியாது.

போட்டோ, கையெழுத்து விஷயத்திலும் கை சுத்தம். வங்கித் தேர்வுக்கு ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் போட்டோ 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள். இடது கைப் பெருவிரல் ரேகை தனி. அதோடு ஆங்கிலத்தில் ஒரு உறுதிமொழியைக் கறுப்பு மையில் கைப்பட எழுதி ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். முழுதும் பெரிய எழுத்தில் எழுதினால் ஏற்கமாட்டார்கள். பல கடைகளில் அந்த உறுதிமொழியைக் கடைப் பையனே எழுதிக் கொடுத்துவிடுவான். இங்கே வெள்ளைத் தாளும் கறுப்புப் பேனாவும் மைப்பெட்டியும் மேசை மேலேயே இருக்கும். எழுதிப் பார்க்க ஒரு தாள், அப்புறம் நல்ல தாள். எஸ்எஸ்சிக்கு இப்போது பழைய போட்டோ செல்லாது, விண்ணப்பிக்கும்போதே கேமராவில் எடுக்க வேண்டும். அதற்காகச் சுவரில் ஒரு வெள்ளைத் துணி கட்டி, எதிரே ஒரு டியூப்லைட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். செல்போனில் வீட்டில் உட்கார்ந்தே போட்டுவிடலாம் என்பவர்கள் இந்த ஒரு படியில்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

நான் இந்தக் கடையை மற்றவர்களிடம் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இதெல்லாம்கூட இல்லை. விண்ணப்பம் திறப்பதற்கு முன்னால் அக்கா கேட்கிற கேள்விகள்தான். "இந்த வேலைக்குக் கெடச்சாப் போவியா நீ? போவ மாட்டேன்னா எதுக்கு ரூவாயக் கட்டுத?" என்றுதான் தொடங்குவார். அறிவிப்பு வந்ததெல்லாம் போட்டுவைக்கலாம் என்று வருகிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். அக்காவுக்கு அது பிடிக்காது. எதற்குப் படிக்கிறாய், எந்த ஊர் வரைக்கும் போவாய், வீட்டில் எத்தனை வருஷம் விடுவார்கள் என்று கேட்பார். இந்தக் கேள்விகளைக் கல்லூரியில் எங்களிடம் யாரும் கேட்டதில்லை. தனியார் பயிற்சி மையத்தில் ஆயிரக்கணக்கில் கட்டிச் சேர்ந்தபோதும் கேட்கவில்லை.

அப்புறம் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். தமிழ் வழியில் படித்தாயா என்பது முதல் கேள்வி. மாநில அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் வாயால் சொன்னால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குக் கேட்ட படிப்பு வரைக்கும் தமிழ் வழி என்று படித்த பள்ளிகளிலும் கல்லூரியிலும் சான்றிதழ் வாங்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளி வேறு, அப்புறம் படித்தது வேறு. அறிவிப்பு வந்த பிறகு தலைமையாசிரியரைத் தேடி அலைவதற்குப் பதில், சும்மா இருக்கும்போதே போய் வாங்கி வைத்துக்கொள் என்று அக்கா என்னை விரட்டினார். அது ஒரு மே மாதம். பள்ளி பூட்டிக் கிடந்தது, ஜூன் திறந்த பிறகுதான் கிடைத்தது. அறிவிப்புக்குப் பிறகு அலைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

அடுத்த கேள்வி டைப்பிங் இருக்கிறதா என்பது. டிஎன்பிஎஸ்சியின் குரூப் 4 தேர்வு எழுதுகிற எல்லாரும் இளநிலை உதவியாளர் பதவியையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதே தேர்வில்தான் தட்டச்சர் பதவியும் வருகிறது. தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்ச்சி கேட்பதால் அதற்குப் போட்டி போடுகிறவர்கள் குறைவு. தேர்வு எழுதி முடிவுக்காகக் காத்திருக்கிற மாதங்களில் வீட்டில் உட்காராமல் டைப் இன்ஸ்டிடியூட்டில் சேர் என்று அக்கா சொல்வதைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நானும் சேர்ந்தேன். இரண்டு பதவிக்கும் ஒரே 200 கேள்விதான், 300 மதிப்பெண்தான். தமிழ்ப் பகுதியின் 150-இல் 60 எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதும் இரண்டுக்கும் ஒன்றுதான். படிப்பது ஒன்று, வாசல் இரண்டு.

என் மதினிக்கு இவர் சொன்னது இன்னும் பெரிய உதவி. மதினி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். அப்புறம் கல்யாணம், பிள்ளை, பீடித் தட்டு என்று ஆகிவிட்டது. அஞ்சல் துறையின் கிராமிய டாக் சேவக் வேலைக்குத் தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல் போடுகிறார்கள், பெண்களுக்குக் கட்டணமும் இல்லை, 40 வயது வரை போடலாம் என்று அக்காதான் சொன்னார். மதினிக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. ஊர்களை விருப்ப வரிசையில் போடும்போதும் அக்கா அவசரப்படுத்தவில்லை. கிளை அஞ்சலக அதிகாரி பதவி என்றால் அலுவலகம் நடத்த ஊருக்குள் இடம் நீதான் பார்க்க வேண்டும், உதவி அதிகாரி என்றால் அந்தப் பொறுப்பு இல்லை, எதுவானாலும் சைக்கிளோ வண்டியோ ஓட்டத் தெரிய வேண்டும் என்று விளக்கினார். சம்பளமும் வேறு: முதலாவதற்கு 12,000 ரூபாயில் தொடங்குகிறது, இரண்டாவதற்கு 10,000-இல். மதினி வீட்டுக்கு வந்து அண்ணனிடம் பேசிவிட்டு, மறுநாள் போய்த்தான் வரிசையைப் போட்டார். இப்படி ஒரு நாள் யோசிக்க விடுகிற கடையை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

சாதிச் சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கையில் இருக்கிற சமுதாயச் சான்றிதழ் மாநில அரசுக்குப் போதும். மத்திய அரசு வேலைக்கும் வங்கிக்கும் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனிப் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்டு, சமீபத்திய தேதியில் வேண்டும். இ-சேவையில் 60 ரூபாய்தான், ஆனால் தாலுகா அலுவலகத்தில் கையெழுத்தாகி வர நாள் ஆகும். அந்தச் சான்றிதழ் வராமல் ஓபிசி என்று டிக் அடிக்க அக்கா விடமாட்டார். கடை இந்த இடத்தில் இருப்பதன் வசதி இதுதான், சான்றிதழுக்கு எழுதிப் போட்டுவிட்டு அதே நடையில் விண்ணப்ப வேலையையும் பார்க்கலாம்.

நோட்டு ஒன்று உண்டு. முதல் விண்ணப்பம் முடிந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து எழுதச் சொல்வார். எந்தத் தேர்வு, பதிவு எண் என்ன, எந்த மெயில், கட்டணம் கட்டிய எண், கடைசித் தேதி, தேர்வு தேதி, எந்தச் சான்றிதழ் எந்தத் தேதியில் வாங்கியது, எல்லாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதன் தேதி. டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவு ஐந்து வருஷம்தான் செல்லும், அது முடிகிற தேதி. பாஸ்வேர்டை மட்டும் எழுதாதே, மனசில் வை என்பார். என் நோட்டு இப்போது பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. குரூப் 4-இல் சான்றிதழ் பதிவேற்றத்துக்கு அழைப்பு வந்தபோது எதையும் தேடவில்லை. நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், ஒரே உட்காரலில் ஸ்கேன் செய்து ஏற்றி முடித்தோம்.

பணம். ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய் வாங்குகிறார், நிரந்தரப் பதிவும் சேர்த்தால் 100. பஸ் ஸ்டாண்டு பக்கம் இதைவிடக் குறைவாக வாங்குகிறார்கள். ஆனால் தேர்வுக் கட்டணத்தில் அக்கா மிச்சம் பிடித்துக் கொடுப்பதைக் கணக்குப் பார்த்தால் இதுதான் மலிவு. டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய் எல்லாரும் கட்ட வேண்டும். தேர்வுக் கட்டணம் அப்படி இல்லை. எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் முழு விலக்கு. பிசி, எம்பிசி பிள்ளைகளுக்கு மூன்று முறை இலவசம். அந்த மூன்றை எதில் பயன்படுத்தினோம் என்பதும் நோட்டில் இருக்கும், ஏனென்றால் முடிந்துபோன சலுகையைத் திரும்பக் கேட்டால் விண்ணப்பமே போய்விடும். எஸ்எஸ்சியில் பெண்கள் யாருக்கும் கட்டணம் இல்லை. ரயில்வேயில் பெண்களுக்கு 250 ரூபாய், முதல் கட்டத் தேர்வை எழுதினால் வங்கிக் கட்டணம் போக அதுவும் திரும்பி வரும். அதற்காகவே நம் சொந்த வங்கிக் கணக்கை நமக்குச் சரியாகப் போடத் தெரிய வேண்டும்.

இனி குறைகள். பெரிய குறை ஒன்று உண்டு, அக்காவிடமே நேரில் சொல்லியிருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரின் முகப்பில் வந்தவர்கள் எல்லாருடைய சான்றிதழும் ஆதாரும் பெயர் போட்ட ஃபோல்டர்களாகக் கிடக்கின்றன. அடுத்த முறை ஸ்கேன் செய்ய வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் யார் யாரோ உட்காருகிறார்கள். பென் டிரைவில் போட்டுக்கொண்டு, என்னுடையதை அழித்துவிடுங்கள் என்று கேட்டால் உடனே அழித்துவிடுகிறார். கேட்காமலே அழிக்க வேண்டும், அதுதான் சரி. பெண் பிள்ளைகளின் போட்டோவும் போன் நம்பரும் அதில் இருக்கின்றன. நீங்கள் போனால் கிளம்பும்முன் கேட்டு அழிக்கச் சொல்லுங்கள், உங்கள் மெயிலிலிருந்து வெளியேறிவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, தனியார் வேலைக்கு இந்தக் கடை உதவாது. பயோடேட்டா அடித்துத் தருகிறார்கள், ஆனால் எல்லாருக்கும் ஒரே அச்சு. மேலே ஆங்கிலத்தில் நான்கு வரி லட்சியம், அப்புறம் அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு. என்ன வேலை செய்யத் தெரியும் என்பது கடைசியில் ஒரு வரி. நான் திருநெல்வேலி டவுனில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆள் எடுக்கும்போது வருகிற பயோடேட்டாக்களைப் பார்த்திருக்கிறேன், அந்த நான்கு வரியை யாரும் படிப்பதில்லை. கணக்கு எழுதுகிற டேலி மென்பொருள் தெரியுமா, எங்கே எவ்வளவு நாள் வேலை பார்த்தாய் என்பதைத்தான் தேடுகிறார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சூரியத் தகடு ஆலை வந்த பிறகு இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் ஆலை வேலைக்கு முயற்சி செய்கிறார்கள். அவர்களுக்கு டிப்ளமோவில், ஐடிஐயில் என்ன கற்றார்கள் என்பதை மேலே எழுதித்தர ஒருவர் வேண்டும். அதற்கு நீங்கள் திருநெல்வேலி பெருமாள்புரத்தில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போங்கள். தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வு வகுப்பும் அங்கே இலவசம், வெள்ளிக்கிழமை நடக்கிற தனியார் வேலைவாய்ப்பு முகாமும் இலவசம். கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்திலும் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) எடுக்கிற அறிவிப்பு வந்தால் மட்டும் இந்தக் கடையிலேயே சுவரில் ஒட்டிவிடுவார்கள். மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற அந்த வாய்ப்பை ஐடிஐ முடித்த தம்பிகள் தவறவிடக் கூடாது.

உட்கார இடம் போதாது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மற்றவர்கள் படியில்தான். கரண்ட் போனால் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் யூபிஎஸ் தாங்கும். சாயங்காலம் இருக்கிற பையன் நல்லவன், ஆனால் அவசரக்காரன். அவன் இருக்கும்போது கடைசிப் பக்கத்தை நீங்களே இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சமர்ப்பியுங்கள். டிஎன்பிஎஸ்சியில் கடைசித் தேதிக்குப் பிறகு திருத்திக்கொள்ள மூன்று நாள் தருகிறார்கள்தான், எல்லாத் தேர்வுக்கும் அப்படிக் கிடைக்காது.

போகும்போது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டச் சான்றிதழ்களின் அசல், ஆதார், சமுதாயச் சான்றிதழ், சார்ஜ் உள்ள உங்கள் போன், ஒரு பென் டிரைவ் எடுத்துப் போங்கள். செங்கோட்டைப் பாசஞ்சரில் வந்தால் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம். ஞாயிறு மதியம் வரைக்கும் கடை உண்டு, வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. கடைசித் தேதியன்று மட்டும் வராதீர்கள். அன்று இணையதளம் திறக்காது, பணம் எடுத்துவிட்டு ரசீது வராமல் நிற்கும், அக்கா பத்து மணிக்கே டோக்கனை நிறுத்திவிடுவார்.